டிஸ்க் மாற்றினால் பெட்டி பிழைக்கும்

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் பட்டுத் தறி உள்ள வீட்டில் பகலில் டிவி பார்ப்பது நடக்காத காரியம். ஓடினாலும் காதுக்குத்தான் ஓடும்; கண் பாவின் மேல் இருக்கும். கோர்வைக் கரை போட்ட சேலை என்றால் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர், கரைப் பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேலை. ஒருவர் எழுந்து போனால் இருவர் வேலையும் நிற்கும். காலையில் வரும் கோயில் ஒளிபரப்போ மத்தியானம் வரும் கிரிக்கெட்டோ நெசவாளி கண்ணில் பட வேண்டுமானால், அது ராத்திரிவரை எங்காவது காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க வைப்பதற்காகத்தான் எங்கள் ஊரில் பலர் ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கார்டிங் பாக்ஸை வாங்கினார்கள்.

நான் இங்கே டிவி, டிஷ், சிசிடிவி கேமரா வேலை பார்க்கிறவன். தறிக்கார வீட்டுப் பிள்ளைதான். ரெக்கார்டர் மக்கர் பண்ணினால் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "தூக்கிப் போட்டுடலாமாண்ணே?" வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பல வீடுகளில் கெட்டிருப்பது உள்ளே இருக்கும் டிஸ்க், அல்லது வெளியே தொங்கும் அடாப்டர். இரண்டையும் மாற்றலாம். அதில் பதிந்து வைத்தது என்ன ஆகும் என்பது தனி விஷயம். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

இந்தப் பெட்டிக்கு வயது அதிகமில்லை. 1999-ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்ற இரண்டும் கேசட்டை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கில் டிவியைப் பதியும் பெட்டிகளாகக் கடைக்கு வந்தன. இந்தியாவில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் வந்தது. பிறகு மற்ற டிடிஎச் நிறுவனங்களும் கொண்டுவந்தன. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம் என்பது அப்போது பெரிய அதிசயம். அந்த வசதியைத் தர, நாம் ரெக்கார்ட் பட்டனைத் தொடாவிட்டாலும் பெட்டி அந்தச் சேனலை எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும், பழையதை அழிக்கும், மறுபடி எழுதும். டிவியை மட்டும் அணைத்துவிட்டு பெட்டியை அப்படியே விட்டுத் தூங்கும் வீடுகளில் டிஸ்க் ராத்திரியும் சுற்றும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஐந்து வருஷம் விடாமல் ஓடினால் 43,800 மணி நேரம். வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் பொதுவாக இந்த உழைப்பு உழைப்பதில்லை.

என் பெரியப்பா வீட்டுப் பெட்டியும் அப்படி உழைத்த பெட்டிதான். அதில் அவர் வைத்திருந்தது 2019-ம் வருஷத்து அத்திவரதர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திமரப் பெருமாள் 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1979-க்குப் பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் சேவை சாதித்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். ஒரு கோடிக்கும் மேல் ஜனங்கள் வந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 79-ல் பெரியப்பா இளவட்டம், நேரில் பார்த்தவர். 2019-ல் முழங்கால் வரிசையில் நிற்க விடவில்லை. மாட்டுப் பொங்கலன்று வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிற வழியில் எங்கள் ஊரைக் கடக்கும்போது வாசலில் நின்று சேவிக்கிறவருக்கு, அத்திவரதர் டிவியில்தான் கிடைத்தார்.

அவர் அந்தப் பதிவுகளைப் பார்த்த விதமே வேறு. பெருமாளுக்குத் தினம் ஒரு நிறத்தில் பட்டு சாத்தினார்கள். தறியை விட்டு இறங்கி, கை கழுவி, சாப்பிட்டு முடித்து டிவி முன்னால் உட்காருவார். "நிறுத்துடா அங்க" என்பார். படம் நிற்கும். உடலுக்கு என்ன நிறம், கரைக்கு என்ன நிறம், சரிகை எவ்வளவு அகலம் என்று பார்ப்பார். "அரக்குக்கு இந்தப் பச்சை யாரு போடுவா இப்ப? எடுப்பா இருக்கு பாரு" என்று பெரியம்மாவிடம் சொல்வார். அடுத்த சேவை 2059-ல். இதையெல்லாம் யூடியூபில் பார்க்கலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கொஞ்சம் கிடைக்கும். அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்த அந்த முழு நேர ஒளிபரப்பு, அந்தத் தெளிவில், அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

ஒருநாள் பெரியப்பா போன் செய்தார். "பெட்டி ஆன் ஆகி ஆன் ஆகி அணையுதுடா. உள்ள டிக் டிக்குனு அடிக்குது. வந்து பாரு." தறியின் சத்தத்தை வைத்தே எங்கே இழுக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற மனுஷர். அவர் சொன்ன அந்த டிக் டிக்கை நான் அலட்சியம் செய்யவில்லை.

அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. டிஸ்க்குக்குள் கண்ணாடியிலோ அலுமினியத்திலோ செய்த, காந்தப் பூச்சு பூசிய வட்டத் தட்டுகள் இருக்கின்றன. ரெக்கார்டரில் போடும் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு வினாடிக்கு 90. தட்டின் விட்டம் 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் ஓரம் மணிக்கு ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கும் ஹெட் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். தான் எங்கே இருக்கிறோம் என்று ஹெட்டுக்குத் தெரிவதற்காகத் தட்டிலேயே அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். ஹெட் கெட்டாலோ தட்டில் கீறல் விழுந்தாலோ அந்த அடையாளம் கிடைக்காது. ஹெட்டைத் தாங்கும் கை திரும்பப் போய் ஓரத்தில் இடிக்கும், மறுபடி தேடும், மறுபடி இடிக்கும். அதுதான் டிக் டிக்.

கரண்ட் போனால் டிஸ்க் உடனே கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு உள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. மின்சாரம் நின்றதும், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த வேகத்திலேயே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். அதை வைத்து ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு இழுத்து நிறுத்திவிடும். 2012-ல் தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது இந்த ஏற்பாடுதான் எத்தனையோ டிஸ்க்குகளைக் காப்பாற்றியது. சூடும் வயதும்தான் டிஸ்க்குக்கு அதைவிடப் பெரிய எதிரி. டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் பெட்டியை வைத்து அதன் மேல் துணி போர்த்தும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் துணியை எடுத்துவிட்டுத்தான் வருகிறேன். எங்கள் ஊரில் பஞ்சும் நூல் தூசியும் வேறு காற்றோட்டத் துளைகளை அடைத்துவிடும்.

டிக் டிக் கேட்டதும் டிஸ்க் வாங்க ஓடக் கூடாது. முதலில் அடாப்டர். மூன்றரை அங்குல டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். வருஷக்கணக்கில் பிளக்கிலேயே தொங்கிய அடாப்டருக்குள் கெபாசிட்டர் உப்பிப்போயிருக்கும். சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் காட்டும். டிஸ்க் இழுத்ததும் சரிந்துவிடும். தட்டு சுற்ற முயன்று நின்றுபோகும், பெட்டி அணைந்து மறுபடி எழும். டிஸ்க் செத்ததற்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், அதே பின் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துபோன வீடுகள் இங்கே நிறைய. பெரியப்பா வீட்டில் அது உதவவில்லை.

அடுத்தது, பெட்டி யாருடையது என்ற கேள்வி. வாடகைக்குக் கொடுத்த பெட்டி என்றால் திறக்கக் கூடாது, அது கம்பெனிக்காரர் சொத்து. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தாலும் சீலைக் கிழிக்காதீர்கள். சொந்தப் பெட்டி, வாரண்டி முடிந்தது என்றால் மட்டும் மேலே படியுங்கள். அடாப்டர் வெளியே இருக்கும் பெட்டியைக் கவனமாக யாரும் திறக்கலாம். 230 வோல்ட் வயர் நேராகப் பெட்டிக்குள் போகிறதென்றால் விட்டுவிடுங்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

தறி இருக்கும் அறையில் திறக்க வேண்டாம் என்பது நான் எல்லாரிடமும் சொல்வது. சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசியது. மின்சாரம் அதில் தாராளமாகப் பாயும். அரை அங்குலச் சரிகைத் துண்டு போர்டின் மேல் விழுந்து சிப்பின் இரண்டு கால்களை இணைத்தால் நல்ல பெட்டியும் போச்சு. பட்டுத் துணி மேலோ நைலான் பாய் மேலோ வைத்தும் திறக்காதீர்கள். இரண்டும் உரசலில் நிலைமின்சாரம் ஏற்றும் வஸ்துக்கள். மர மேசையில் ஒரு பருத்தித் துண்டு போதும். கையை ஜன்னல் கம்பியில் ஒருமுறை வைத்துவிட்டு உட்காருங்கள்.

பெரியப்பா வீட்டில் கூடத்து மேசையில் வைத்துத் திறந்தேன். நட்சத்திரத் தலை ஸ்குருக்கள், அதற்குரிய டிரைவர் இல்லாவிட்டால் தலை தேய்ந்துவிடும். உள்ளே டிஸ்க் ஒரு தகட்டில் ரப்பர் வாஷரோடு மாட்டியிருந்தது. சாட்டா கேபிள் ஒன்று, பவர் ஒன்று. பழைய பெட்டிகளில் அகலப் பட்டைக் கேபிள் வரும் ஐடிஇ டிஸ்க் இருக்கும், அதற்குப் புது டிஸ்க் தேடுவது சிரமம். டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு பெட்டியை மட்டும் ஆன் செய்தேன். சேனல்கள் வந்தன, ரெக்கார்டிங் மட்டும் இல்லை. பல பெட்டிகள் இப்படி டிஸ்க் இல்லாமலும் ஓடும். அப்படி ஓடினால் கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில்தான்.

"அப்ப சாமி?" என்றார் பெரியப்பா.

டிடிஎச் ரெக்கார்டரில் நாம் பதிவு செய்வதெல்லாம் பூட்டி வைக்கப்பட்டது. டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் வராது. வெறும் குழம்பிய எண்கள் இருக்கும். பூட்டைத் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளோ அதில் செருகும் கார்டிலோ இருக்கிறது. அந்தப் பூட்டை உடைப்பது 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில் குற்றமாகலாம். நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்டி, மாதம் கட்டிப் பார்த்த நிகழ்ச்சி, நம் வீட்டில் இருக்கும் டிஸ்க். ஆனாலும் பதிவு அந்தப் பெட்டியோடு பிறந்து அந்தப் பெட்டியோடு போகும்படி செய்திருக்கிறார்கள். வாங்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். எந்த வீட்டிலும் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் சாவி பெட்டியில் இருப்பதால் ஒரு வழியும் உண்டு. பழைய டிஸ்க் இன்னும் கொஞ்சமாவது படிக்கிறது என்றால், அதிலுள்ள எண்களைப் பூட்டைத் தொடாமல் அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அதே பெட்டியில் மாட்டலாம். டிஸ்க்கின் சீரியல் நம்பரையே பார்த்து மறுக்கும் பெட்டிகளில் இது பலிக்காது. பலவற்றில் பலிக்கும். நகல் எடுக்கும் வரை பழைய டிஸ்க்கை மறுபடி மறுபடி ஓட விடக் கூடாது. ஒவ்வொரு டிக்கும் தட்டில் கொஞ்சத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம். பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்பார்கள், நீர் கோத்துக்கொள்ளும், வேண்டாம். மூடியைத் திறந்து பார்க்கவும் கூடாது, வீட்டுக் காற்றிலுள்ள ஒரு தூசி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது.

புது டிஸ்க்குக்குச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். எங்கள் தொழில்காரர்களுக்கு அதுதான் காசி. கேமரா ரெக்கார்டருக்கென்றே செய்யும் டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை அந்த வகை. சாதாரண டிஸ்க் ஒரு இடம் படிக்கவில்லை என்றால் அதைப் பிடித்தே தீருவேன் என்று பல வினாடிகள் முயலும், அதற்குள் படம் உறைந்துவிடும். இவை ஒரு புள்ளி போனால் போகட்டும், ஓட்டம் நிற்கக் கூடாது என்ற முறையில் வேலை செய்பவை. பெரிதாக வாங்கிவிடலாம் என்று 4 டிபி எடுக்காதீர்கள். பழைய பெட்டிகள் பல 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாதவை, சில அதற்கும் கீழே நின்றுவிடும். 1 டிபியே தாராளம். எச்டி சேனல் வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, 500 ஜிபியிலேயே 138 மணி நேரம் அடங்கும். இன்னொன்று, பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதும் கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். புதியது பூஜ்யத்தையோ அதற்கு ஒட்டிய எண்ணையோதான் காட்டும்.

நகல் எடுக்க நான் பயன்படுத்துவது டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், லினக்ஸில் ஓடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்கை மாட்டினால் "இதை பார்மட் செய்யவா?" என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஆமாம் சொல்லி எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. பெரியப்பாவின் 500 ஜிபி டிஸ்க்கில் 512 பைட் கொண்ட கட்டங்கள் 97 கோடியே 67 லட்சத்துக்கு மேல். புது டிஸ்க்கில் அதைவிட ஒரு கட்டம்கூடக் குறையக் கூடாது. டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நன்றாகப் படிக்கும் இடங்களையெல்லாம் வாரிக்கொண்டு போகும். அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிவிடும். செத்துக்கொண்டிருக்கும் ஹெட்டின் மீதி ஆயுளை நல்ல இடத்துக்குச் செலவழிப்பதுதான் இதன் தந்திரம். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது முடிந்தது, எது பாக்கி என்பதை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும், நெசவாளி டிசைன் தாளில் நெய்த வரியைக் குறித்துக்கொள்வதைப்போல. நடுவில் கரண்ட் போனது. வந்ததும் விட்ட வரியிலிருந்து தொடங்கியது.

முதல் சுற்றிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. மோசமான இடங்கள் ராத்திரி முழுக்க இழுத்தன. விடியற்காலையில் நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் டிஸ்க் சுற்றவே திணறியது. புது டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டி ஆன் செய்தபோது பார்மட் கேட்கவில்லை. பதிவுகளின் பட்டியல் வந்தது. ஜூலைப் பதிவுகள் சுத்தமாக ஓடின. ஆகஸ்டில் நின்ற கோலம் இரண்டு மூன்று இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது, ஒரு பதிவு பாதியில் நின்றது. பெரியம்மா கும்பிட்டார். பெரியப்பா ரிமோட்டை வாங்கி, ஒரு நாள் பட்டின் மேல் படத்தை நிறுத்திவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு போனில் படம் எடுக்கச் சொன்னார். பிறகு அடுத்த நாள் பட்டு. இப்படியே எல்லா நாளும் எடுத்து, அவற்றை காஞ்சிபுரத்தில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டி இனி என்ன ஆனாலும் அந்தக் கரைகள் இருக்கும்.

உங்கள் டிஸ்க் ஒரு கட்டம்கூடப் படிக்கவில்லை என்றால், டேட்டா மீட்கும் லேப்காரர்களிடம் தூசியில்லா அறை இருக்கிறது, திறந்து ஹெட் மாற்றுவார்கள். கல்யாண போட்டோ இருக்கும் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு அந்தச் செலவு தகும். டிடிஎச் பெட்டியின் டிஸ்க்குக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆயிரக்கணக்கில் கொடுத்தும் கையில் வருவது பூட்டிய எண்கள்தான். காலி டிஸ்க்கை மாட்டுங்கள். பெட்டி பார்மட் கேட்கும், சரி சொல்லுங்கள், சில நிமிஷத்தில் ரெக்கார்டிங் திரும்ப வரும்.

வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிகழ்ச்சி என்றால் இந்தப் பெட்டிகளை நம்பாதீர்கள். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போடும் இலவச சேனல் பாக்ஸ்களில் பல, யூஎஸ்பி பென் டிரைவிலேயே பதியும். அதில் வரும் கோப்பு பெரும்பாலும் கம்ப்யூட்டரிலும் ஓடும். இன்னொரு டிஸ்க்கில் நகல் போட்டு அண்ணன் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று வைக்கலாம். கோயில் ஒளிபரப்புக்காக மட்டும் கேட்பவர்களுக்கு நான் இப்போது அதைத்தான் மாட்டிக் கொடுக்கிறேன்.

கழற்றிய பழைய டிஸ்க்கைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். பெட்டியின் டிஸ்க்கில் பூட்டிய படங்கள்தான் இருக்கும், கவலையில்லை. ஆனால் கடைக்கு வைத்த கேமரா ரெக்கார்டரின் டிஸ்க்கில் யார் எப்போது வந்தார்கள், பீரோவை எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் பூட்டில்லாமல் இருக்கலாம். டிரில்லால் தட்டை ஊடுருவி இரண்டு மூன்று துளை போட்டுவிட்டு, மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் உள்ளேயே நொறுங்கிச் சிதறும்; துளை போடும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.